பழைய தோட்டத்துக் கடுதாசிய வச்சு ஊரு போஸ்ட் ஆபிஸ் கதைய எடுக்குறது எப்படி

மொதல்ல கத்திரிக்கோல கீழ வைங்க. தாத்தா பாட்டி விட்டுட்டுப் போன தகரப் பெட்டியில பழைய கடுதாசி கெடச்சா நம்ம ஆளுங்க செய்ற மொத வேலையே ஸ்டாம்ப சதுரமா வெட்டி எடுக்கிறதுதான், இல்லன்னா தண்ணியில ஊறப்போட்டு உரிச்சு ஆல்பத்துல ஒட்டிட்டு கவர குப்பையில போட்டுருவாங்க. ராஜா தல போட்ட ஸ்டாம்ப் எங்க தேடினாலும் கெடைக்கும், அதுக்கு மேல போஸ்ட் ஆபிஸ்ல அடிச்ச சாப் இருக்கு பாருங்க, அதுலதான் நம்ம ஊரு பேரு இருக்கு, தேதி இருக்கு, சில சமயம் மணி கூட இருக்கு. வெட்டினா சாப்புல பாதி போச்சு, விலாசம் போச்சு, பின்பக்கம் இருக்கிறது மொத்தமா போச்சு.

நான் சுங்கை சிப்புட்ட வச்சுதான் சொல்லப்போறேன், மலேசியாவுல பேராக் மாநிலத்துல ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவுல சுத்தி ரப்பர் தோட்டமா இருந்த டவுன். நீங்க தாப்பா, பீடோர், காப்பார், பாகாவ் எந்தப் பக்கம் இருந்தாலும் இதே வழிதான், ஊரு பேரையும் மாநிலத்தையும் மாத்திக்கிட்டா போதும்.

நெறைய பேருக்குத் தோணாத ஒரு விஷயத்த இப்பவே சொல்லிடுறேன். நம்ம தாத்தாமாரு இங்கேர்ந்து எழுதின கடுதாசி இங்க இருக்காது, அது போய்ச் சேர்ந்தது நாமக்கல்லுக்கும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும், இருந்தா அங்க ஏதாவது பரண் மேலதான் இருக்கும். இங்க நம்ம வீட்டுல இருக்கிறது ஊருலேர்ந்து வந்த கடுதாசி. அதுல முன்னாடி பாத்தீங்கன்னா இந்தியா ஸ்டாம்ப், இந்தியா சாப், அணா கணக்கு, அத பாத்துட்டு நம்ம ஊருக்கு இதுல ஒன்னுமில்லன்னு தூக்கி வச்சிருவாங்க. திருப்பிப் பாருங்க. அந்தக் காலத்துல தபால் வந்து எறங்கின எடத்துலயும் வந்து சேந்த எடத்துலயும் கவருக்குப் பின்னாடி சாப் அடிக்கிற பழக்கம் இருந்துச்சு, அதனால கப்பல் வந்த பினாங்கு சாப் ஒன்னு, பட்டுவாடா பண்ண டவுன் சாப் ஒன்னுன்னு பின்னாடி இருக்க வாய்ப்பு உண்டு. முன்னாடி தேதிக்கும் பின்னாடி தேதிக்கும் எத்தன நாள்னு கழிச்சுப் பாத்தா கடுதாசி நாகப்பட்டணத்துலேர்ந்தோ மெட்ராஸ்லேர்ந்தோ கப்பலேறி வந்து சேர எவ்வளவு நாள் ஆச்சுன்னு தெரிஞ்சுரும். எல்லா கவர்லயும் இருக்கும்னு நெனைக்காதீங்க, வருஷம் ஆக ஆக சாதா தபாலுக்குப் பின்னாடி சாப் அடிக்கிறது கொறஞ்சிருச்சு, ரெஜிஸ்டர் தபால்னா நம்பிப் பாக்கலாம். போஸ்ட் கார்டுல பின்பக்கம் பூரா எழுதியிருப்பாங்க, அங்க விலாசம் இருக்கிற பக்கத்துலயே ரெண்டாவது சாப் ஒன்னு ஒளிஞ்சிருக்கான்னு பாக்கணும்.

கடுதாசிய விட நல்ல சாப் கெடைக்கிற எடம் ஒன்னு இருக்கு, போஸ்ட் ஆபிஸ் சேமிப்புப் புத்தகம். 1974-ல பேங்க் சிம்பானான் நேஷனல்ங்கிற தேசிய சேமிப்பு பேங்க் வர்றதுக்கு முன்னாடி சேமிப்புக் கணக்கெல்லாம் போஸ்ட் ஆபிஸ்லதான், காசு போட்டா எடுத்தா அந்த வரிக்குப் பக்கத்துல கவுண்டர்ல சாப் அடிச்சுக் குடுப்பாங்க. காசு விஷயமாச்சே, கவர் மேல அடிக்கிற மாதிரி அவசரத்துல அடிக்காம கொஞ்சம் நிதானமா தெளிவா அடிச்சிருப்பாங்க. ஒரே புத்தகத்துல வரிசையா பல வருஷத்து சாப் கெடைக்கும், அதுலயும் ஒரே ஆபிஸ் சாப்பா இருக்கும், இத விட என்ன வேணும். மணியாடர் அனுப்பின ரசீது, ரெஜிஸ்டர் ரசீது எல்லாம் இதே கணக்குதான். இதெல்லாம் பொறப்புப் பத்திரம், பழைய ஐசி (அடையாள அட்டை), தோட்டத்து சம்பளச் சீட்டு இருக்கிற அதே பிளாஸ்டிக் பைக்குள்ளதான் கெடக்கும், ஸ்டாம்ப் தேடுறவன் அந்தப் பக்கமே போக மாட்டான்.

இப்ப தோட்டம் விஷயத்துக்கு வருவோம். எல்பில், கமுனிங், ஹேவுட், டோவன்பின்னு சுத்தி எத்தன தோட்டம் இருந்தாலும் சாதாரணமா தபால் வந்து நிக்கிறது டவுன் போஸ்ட் ஆபிஸ்லதான், அங்கேர்ந்து தோட்டத்து ஆபிஸுக்கு மொத்தமாப் போகும், அப்புறம் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, பிரிச்சுக் குடுப்பாரு, இல்லன்னா வேலைக்கு ஆளெடுக்கிற பெரட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குடுப்பாங்க. அதனால சாப்புல தோட்டத்து பேரு இருக்காது, விலாசத்துலதான் இருக்கும். நீங்க குறிப்பு எழுதும்போது சாப்புல என்ன ஊருங்கிறது ஒரு பத்தி, விலாசத்துல என்ன தோட்டம்ங்கிறது தனிப் பத்தின்னு வச்சுக்குங்க, ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் கொழப்பினா பின்னாடி ஒன்னும் பண்ண முடியாது. விலாசத்துல தொரை மேற்பார்வைன்னோ கிராணி மேற்பார்வைன்னோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கும், அதையும் எழுதி வைங்க. நம்ம ஜனங்க தோட்டத்துக்கு வச்சிருந்த தமிழ்ப் பேரு வேற, கம்பெனி பதிஞ்ச பேரு வேறயா இருக்கும், கடுதாசிக்குள்ள தமிழ்ப் பேரு, கவர் மேல கம்பெனி பேருன்னு ரெண்டும் ஒரே எடத்துல கெடச்சா அது பெரிய லாபம். 1950-கள்ல 60-கள்ல தோட்டங்கள துண்டு துண்டா வித்தாங்க இல்லையா, அந்தத் துண்டாடல்ல காணாமப் போன தோட்டத்துப் பேரெல்லாம் இப்ப இந்த மாதிரி கவர் மேலதான் மிச்சம். அந்தத் துண்டாடலுக்குத்தான் 1960-ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, அவரு சுங்கை சிப்புட்காரரு, அப்போ பொதுப்பணி, தபால், தந்தி மந்திரியா வேற இருந்தாரு. தபால் மந்திரி நம்ம ஊருன்னு இங்க உள்ள பெருசுங்க இன்னைக்கும் சொல்லிக்குவாங்க, சொல்லட்டும்.

கவருக்கு வேற யாராவது இங்கிலீஷ்ல விலாசம் எழுதிக் குடுத்திருந்தா எஃப்.எம்.எஸ்.-னு கடைசியில போட்டிருப்பாங்க, ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ், அதாவது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நாலும். அது இருந்தா யுத்தத்துக்கு முன்னாடின்னு முடிவு பண்ணிடாதீங்க, ஜனங்க பழக்கத்துல யுத்தத்துக்கு அப்புறமும் அப்படியே எழுதிக்கிட்டுதான் இருந்தாங்க. விலாசத்த வச்சு வருஷம் கணிக்காதீங்க, சாப்ப வச்சு கணிங்க.

சாப் படிக்கிறது எப்படின்னா, சாதாரணமா ஒரு வட்டம் இல்ல ரெண்டு வட்டம், மேல வளைவா ஊரு பேரு, நடுவுல தேதி மாசம் வருஷம், சில சாப்புல கீழ மாநிலத்துப் பேரு. மாசம் ரெண்டு எழுத்துல இருந்தா கவனமா பாக்கணும், ஜே யூன்னு இருந்தா ஜூன், ஜே ஒய்னு இருந்தா ஜூலை, எம் ஆர்னா மார்ச், எம் ஒய்னா மே, மை மங்கிப் போச்சுன்னா இதுல மாட்டாத ஆளே கெடையாது. வருஷம் பெரும்பாலும் கடைசி ரெண்டு நம்பர்தான் இருக்கும். தேதிக்கு மேல ஒத்த எழுத்தோ மணியோ இருந்தா அது எத்தனாவது கட்டு தபால்னு காட்டுறது, அதையும் விடாம எழுதுங்க. தேதி அச்ச தெனமும் கையால மாத்திப் போடுவாங்க, அதனால தலகீழா நிக்கிற மாசம், விட்டுப்போன வருஷம் எல்லாம் வரும், அத அபூர்வம்னு சொல்லி வெல ஏத்துறவங்கள பாத்தா சிரிச்சுட்டு நடைய கட்டுங்க.

சாப்புல பாதிதான் விழுந்திருக்கு, சுங்கை மட்டும் தெரியுது, மீதி இல்ல, அப்ப என்ன பண்றது. சுங்கை பட்டாணி இருக்கு, சுங்கை பீசி இருக்கு, சுங்கை பாக்காப் இருக்கு. இங்கதான் ஸ்டாம்ப் உதவிக்கு வரும். கெடா ஸ்டாம்ப்னா நம்ம ஊரா இருக்க வாய்ப்பு கம்மி, பட்டாணிப் பக்கம் போய்த் தேடுங்க. பேராக் ஸ்டாம்ப் வரலாறு சுருக்கமா இவ்வளவுதான்: 1878-ல ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) ஸ்டாம்ப் மேல பிறையும் நட்சத்திரமும் பி எழுத்தும் அடிச்சு ஆரம்பிச்சாங்க, 1890-கள்ல பேராக் பேருலயே புலி ஸ்டாம்ப் வந்துச்சு, 1900-லேர்ந்து நாலு மாநிலத்துக்கும் பொதுவா எஃப்.எம்.எஸ். புலி, 1935-ல மறுபடியும் மாநிலம் மாநிலமா பிரிச்சு சுல்தான் இஸ்கந்தார் படம், அதுலயும் 1935-ல பக்கவாட்டு மொகம், 1938-லேர்ந்து நேர் மொகம். யுத்தம் முடிஞ்சு பி.எம்.ஏ. (பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம்) மலாயான்னு அடிச்ச ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டாம்ப், 1950-ல சுல்தான் யூசோப். எஃப்.எம்.எஸ். புலி ஸ்டாம்ப்னா நாலு மாநிலத்துல எதுவா வேணும்னாலும் இருக்கலாம், அந்த எடத்துல ஸ்டாம்ப் கைகுடுக்காது, வட்டத்தோட அளவையும் எழுத்தோட வடிவத்தையும் முழுசா விழுந்த வேற சாப்போட வச்சு ஒத்துப் பாக்கணும்.

எழுத்துக்கூட்டும் ஒரு துப்பு. பழைய சாப்புல சுங்கைங்கிறதுல ஜி எழுத்துக்கு அப்புறம் இ வரும், 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் அது ஏ ஆச்சு. தெலுக்ல எல்லுக்கு அப்புறம் ஓ இருந்தது யூ ஆச்சு. ஆனா சட்டம் மாறின மறுநாளே சாப் மாறிடாது, இரும்புல வெட்டின சாப் தேயிற வரைக்கும் ஓட்டுவாங்க, அதனால பழைய எழுத்துக்கூட்டோட 1972-க்கு அப்புறம் தேதி இருந்தா போலின்னு நெனைச்சுராதீங்க, எவ்வளவு நாள் ஓட்டினாங்கன்னு கண்டுபுடிக்கிறதே தனி வேலை. ஊரு பேரே மாறினதும் உண்டு, தெலுக் ஆன்சன் 1982-ல தெலுக் இந்தான் ஆச்சு, போர்ட் ஸ்வெட்டன்ஹம் 1972-ல போர்ட் கிள்ளான் ஆச்சு, போர்ட் வெல்டு இப்ப கோல செபெத்தாங், அந்தப் போர்ட் வெல்டுக்கும் தைப்பிங்குக்கும் நடுவுல 1885-ல ஓடினதுதான் மலாயாவோட மொத ரயிலு.

ஊரு சாப் இல்லாம வேற குறியெல்லாம் இருக்கும், அதுல சிலது ஊரு சாப்ப விட சுவாரசியம். டி எழுத்து மட்டும் தனியா அடிச்சிருந்தா ஸ்டாம்ப் பத்தலன்னு அர்த்தம், வாங்குற ஆளு பத்தாத காசப் போல ரெண்டு மடங்கு கட்டணும், தோட்டத்துல அன்னாடக் கூலிக்கு இருந்தவங்க கட்டினாங்களா இல்ல கடுதாசிய திருப்பி அனுப்பினாங்களான்னு கவர திருப்பிப் பாத்தா தெரியும். டி.பி.ஓ.ன்னு (டிராவலிங் போஸ்ட் ஆபிஸ்) இருந்தா ரயிலு வண்டிக்குள்ளயே தபால் பிரிச்ச எடத்துல அடிச்சது. நம்பர் மட்டும் போட்டு ஊரு பேரு இல்லாம ஃபீல்ட் போஸ்ட் ஆபிஸ்னு வந்தா அது பட்டாளத்துத் தபால், நம்ம ஊரு பக்கம் இது கெடைச்சா ஆச்சரியமில்ல, 1948 ஜூன் 16-ல சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்கள்ல கம்யூனிஸ்ட்காரங்க மூணு வெள்ளக்காரத் தொரைங்கள சுட்டதுக்கு அப்புறம்தான் அவசரகாலம் வந்துச்சு, அது 1960 வரைக்கும் இழுத்துச்சு. ஒரம் கிழிச்சு மறுபடி பேப்பர் ஒட்டியிருந்தா சென்சார்காரன் பிரிச்சுப் படிச்சது, அந்தப் பேப்பர உரிக்கக் கூடாது. ஸ்டாம்ப்ல ஊசி ஓட்டையா எழுத்து குத்தியிருந்தா பேங்கோ பெரிய ஏஜென்சி கம்பெனியோ களவு போகாம இருக்கக் குத்தினது, அத ஒடஞ்ச ஸ்டாம்ப்னு தூக்கிப் போட்டவங்க எத்தன பேரோ. ஸ்டாம்ப் மேல பேனாவால குறுக்க கையெழுத்து இருந்தா அது பெரும்பாலும் தபாலுக்குப் போனதில்ல, ரசீதுக்கு ஒட்டினது, போஸ்ட் ஆபிஸ் கணக்குல சேக்காதீங்க.

ஜப்பான்காரன் காலம் தனி. 1941 டிசம்பர்ல பேராக்குக்குள்ள வந்துட்டான், 1945 செப்டம்பர் வரைக்கும் இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் சாதாரண தபாலே கெடையாது, அதனால உங்க பெட்டியில அந்த மூணரை வருஷத்துக்கு இந்தியா கடுதாசி ஒன்னு கூட இல்லன்னா எங்கயும் தொலஞ்சிருக்காது, வரவே இல்ல. அந்தச் சமயத்துல ஊருலேர்ந்து அனுப்பினது சிலது சேவை நிறுத்தம்னு இங்கிலீஷ்ல சாப் அடிச்சு அங்கயே திரும்பிப் போச்சு, அத தமிழ்நாட்டுச் சொந்தக்காரங்க வீட்டுலதான் தேடணும். உள்ளூர் தபால் ஓடுச்சு. சாப்புல வருஷம் 2602-னு இருந்தா அது ஜப்பான்காரன் வருஷக் கணக்கு, 660 கழிங்க, 1942. சிலதுல ஷோவா வருஷம், அதாவது ஜப்பான் சக்கரவர்த்தி ஆட்சி வருஷம், ரெண்டு நம்பர்ல இருக்கும், 17, 18-னு, அத 1917, 1918-னு படிச்சுட்டு நூறு வருஷத்துக் கவர்னு விக்கிறவங்க இருக்காங்க, ஷோவாவுக்கு 1925 கூட்டணும், 17-ன்னா 1942. ஸ்டாம்ப் மேல என்ன அடிச்சிருக்குன்னு பாத்தாலே தெரிஞ்சுரும். பழைய ஸ்டாம்ப் மேல ஜப்பான்காரன் அடிச்ச அச்சுக்கு போலி ரொம்ப அதிகம், ஸ்டாம்ப் தனியா இருந்தா வாங்காதீங்க, முழு கவரா இருந்து சாப் ஸ்டாம்பையும் பேப்பரையும் சேத்து விழுந்திருந்தா மட்டும் யோசிங்க. 1943-ல அவங்களே அச்சடிச்ச ஸ்டாம்ப்ல ரப்பர் மரம் சீவுற படம் ஒன்னு இருக்கு, தோட்டத்து ஆளுங்களுக்கு அது ஒன்னு கையில இருந்தா நல்லாத்தான் இருக்கும்.

பதிவு பண்றது: கவர முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணுங்க, 600 டிபிஐ போதும், பக்கத்துல ஸ்கூல் ரூலர் ஒன்னு வச்சுத்தான் ஸ்கேன் பண்ணணும், அப்பத்தான் வட்டத்தோட குறுக்களவ மில்லிமீட்டர்ல பின்னாடி அளக்க முடியும். ரூலர் இல்லாத போட்டோ எவ்வளவு அழகா இருந்தாலும் பாதி உபயோகந்தான். மங்கின சாப்பா இருந்தா போன்ல கலர தலகீழா மாத்திப் பாருங்க, இல்லன்னா செவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியா பிரிச்சுப் பாருங்க, ஸ்டாம்ப் கலர் மறைஞ்சு சாப் மட்டும் மேல வரும். ஜன்னல் வெளிச்சத்துல சாய்வாப் புடிச்சா அழுத்தின தடம் கூட தெரியும். அப்புறம் எக்செல்ல ஒரு ஷீட்டு: ஊரு பேரு எழுத்துக்கூட்டு அப்படியே, ஒத்த வட்டமா ரெட்ட வட்டமா, குறுக்களவு, கீழ என்ன எழுத்து, தேதி எப்படி அடுக்கியிருக்கு, மை கலர், தேதி, தோட்டம், யார் வீட்டுல பாத்தது. ஒரே மாதிரி சாப்ப எல்லாம் ஒன்னா அடுக்கி தேதி வரிசையில வச்சா மொத தேதியும் கடைசி தேதியும் கெடைக்கும், அதுதான் அந்த சாப் ஓடின காலம். அடுத்த சாப் எப்ப வந்துச்சுன்னு அதுக்குக் கீழயே தெரியும். நாள் ஆக ஆக சாப் தேஞ்ச செருப்பு மாதிரி ஒரு பக்கமா தேயும், வட்டத்துல ஒரு எடம் ஒடையும், அந்த ஒடசல் எந்தத் தேதிக்கு மேல இருக்குன்னு புடிச்சுட்டீங்கன்னா வருஷம் தெரியாத சாப்புக்குக் கூட வருஷம் சொல்லிடலாம். எனக்கு இந்த வேலையில புடிச்சதே இந்த எடந்தான்.

வீட்டுல போய்க் கேக்கும்போது கடுதாசியக் கேக்காதீங்க, கவர மட்டும் கேளுங்க. உள்ள யாரு யாருக்குக் கடன், எந்தப் பொண்ணுக்குப் பேசினது நின்னு போச்சு, யாரு ரெண்டாங் கல்யாணம் பண்ணான்னு எல்லாம் இருக்கும், உங்களுக்கு அது வேண்டாம், அவங்களுக்கும் அத வெளிய காட்ட இஷ்டம் இருக்காது. அவங்க முன்னாடியே ஸ்கேன் பண்ணிட்டு கையோட திருப்பிக் குடுத்துருங்க, எடுத்துட்டுப் போய் நாளைக்குத் தர்றேன்னு சொன்னா அடுத்த வீட்டுக் கதவு தொறக்காது. ஏரோகிராம்னா கவரும் கடுதாசியும் ஒன்னுதான், வெளிப்பக்கம் மட்டும் ஸ்கேன் பண்ணுங்க. படத்த வெளிய போடுறதா இருந்தா பேரையும் வீட்டு நம்பரையும் மறைச்சுட்டுப் போடுங்க.

பத்திரமா வைக்கிறதுக்கு நம்ம ஊரு புழுக்கந்தான் எமன். செலோடேப் வேண்டவே வேண்டாம், லேமினேட் பண்ணவே கூடாது, சந்தையில விக்கிற மலிவு பிவிசி ஃபைல்ல போட்டா கொஞ்ச வருஷத்துல பிசுபிசுன்னு ஒட்டிக்கும். அமிலமில்லாத பேப்பர் உறையோ பாலியஸ்டர் உறையோ வாங்கிப் போட்டு, பெட்டியில சிலிக்கா ஜெல் வச்சு, மாசத்துக்கு ஒருதரம் தொறந்து காத்தாட விட்டு பூச்சி இருக்கான்னு பாத்துட்டு மூடுங்க. பாச்சான் உருண்டைய நேரா கவர் மேல வைக்காதீங்க.

வீட்டுல கெடைச்சது ஒரு பக்கம் இருக்கட்டும், போஸ்ட் ஆபிஸ் எப்ப தொறந்தாங்க, எப்ப தரம் ஒசத்தினாங்க, எப்ப கட்டடம் மாத்தினாங்கங்கிறது சாப்புல வராது, அதுக்கு அரசாங்க கெசட்டும் பழைய பேப்பரும் வேணும். கோலாலம்பூர்ல ஆர்க்கிப் நெகாராவுக்கு (தேசிய ஆவணக் காப்பகம்) போனா பேராக் கெசட், எஃப்.எம்.எஸ். கெசட், வருஷாந்திர ரிப்போர்ட் எல்லாம் கேக்கலாம், மொதல்லயே என்ன வேணும்னு எழுதிக்கிட்டுப் போங்க. சிங்கப்பூர் தேசிய நூலகத்துக்காரங்க பழைய இங்கிலீஷ் பேப்பரெல்லாம் ஆன்லைன்ல இலவசமாப் போட்டிருக்காங்க, அதுல ஊரு பேரும் போஸ்ட் ஆபிஸும் சேத்துத் தேடுங்க, பழைய எழுத்துக்கூட்டு, புது எழுத்துக்கூட்டு, ரெண்டையும் போட்டு, போஸ்டல் ஏஜென்சின்னும் ஒருதரம் போட்டுப் பாருங்க, ஏன்னா சின்ன ஊருல மொதல்ல முழு ஆபிஸ் தொறக்காம ஏஜென்சியா ஆரம்பிச்சிருக்கலாம். உங்க ஷீட்ல இருக்கிற மொத தேதி பேப்பர்ல வர்ற தேதிக்கு முன்னாடி இருந்துச்சுன்னா ரெண்டுல ஒன்னு தப்பா இருக்கலாம், மறுபடி சாப்ப எடுத்து வருஷத்தப் பாருங்க. ரெண்டும் சரியாத்தான் இருக்குன்னா இங்கிலாந்துல மலாயா ஸ்டடி குரூப்னு 1959-லேர்ந்து இதையே பாத்துக்கிட்டு இருக்கிற ஒரு சங்கம் இருக்கு, அவங்களுக்கு ரூலர் வச்ச ஸ்கேன அனுப்பிக் கேளுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி ஸ்கேன் ஃபைலுக்குப் பேரு வைங்க, ஊரு, வருஷம், மாசம், தேதின்னு அதே வரிசையில.